ஏர் எடுத்தல்

பெட்ரோல் வண்டியில் தீப்பொறி தருவதற்கு ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் வண்டியில் அது கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நசுக்கினால் அந்தக் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். அந்தச் சூட்டில் டீசலைப் பனிபோலத் தூவினால் தானாகவே பற்றிக்கொள்ளும். எஞ்சின் என்று நாம் சொல்வதில் பாதி இந்தத் தூவல்தான். நாலு சிலிண்டர் வண்டி ஒன்று நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடுகிறது என்றால், ஒரு நிமிடத்தில் 4000 முறை டீசல் தூவப்பட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டுக்கும் குறைவு. நாலு சிலிண்டருக்கும் ஒரே அளவு. நொடியில் ஆயிரத்தில் சில பங்கு முந்தினாலோ பிந்தினாலோ வண்டி புகை கக்கும், உதறும், இல்லையென்றால் நின்றுபோகும்.

இதையெல்லாம் கணக்குப் பார்த்துச் செய்வது, பழைய வண்டிகளில், இரண்டு கையால் ஏந்திக்கொள்ளும் அளவுள்ள ஓர் உலோக உருண்டை. அதற்குள் கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. ஸ்பிரிங், ரோட்டர், வால்வு, அவ்வளவுதான். நான் சம்பளத்துக்கு மென்பொருள் எழுதுகிறவன். நொடிக்கு அறுபத்தாறு முறை தவறாமல் நடக்க வேண்டிய ஒரு வேலையை ஸ்பிரிங்கை நம்பி விடுவது என்பதை முதன்முதலாகப் புரிந்துகொண்டபோது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் 1897-ல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டினார். எரிபொருளைச் சிலிண்டருக்குள் தள்ள அவர் நம்பியிருந்தது அழுத்தப்பட்ட காற்றை. அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரஸர் வேண்டும். கப்பலிலும் ஆலையிலும் அது சரி. சாலையில் ஓடும் வண்டியில் அதை எங்கே வைப்பது? 1920-களில் சில லாரிகள் முயன்று பார்த்தன. ராபர்ட் பாஷின் நிறுவனம் 1927-ல் டீசல் பம்பைத் தொடர் உற்பத்தியில் கொண்டுவந்த பிறகுதான் டீசல் வண்டி ஊரெங்கும் பரவியது. டீசலின் பெயர் நிலைத்துவிட்டது. அதைச் சாலைக்கு இறக்கிய பம்புக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை. நம்மூரில் மட்டும் கொஞ்சம் கிடைத்தது என்று சொல்லலாம். 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ நிறுவனம் இந்தப் பம்புகளைச் செய்தது. 2008-ல் அதன் பெயர் பாஷ் என்று மாறிவிட்டது. ஆனாலும் பழைய மெக்கானிக்குகள் இன்றும் எந்த கம்பெனி பம்பாக இருந்தாலும் ‘மைக்கோ பம்ப்பு’ என்பார்கள். எங்கள் மாவட்டமான காஞ்சிபுரத்திலேயே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மண்ணூரில், டெல்ஃபி டிவிஎஸ் ஆலை டீசல் பம்புகளைச் செய்துவந்தது. அந்த ஆலையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் எங்கள் ஊரில் அந்தச் சாமானுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் யாரும் இல்லை. நானும் 2021 கடைசியில்தான் பார்த்தேன்.

எங்கள் ஊர், வாலாஜாபாத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில், பாலாற்றுக்குத் தெற்கே. உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலைக் கல்வெட்டுக்குப் போய்விடுவார்கள். எங்களுக்கு அன்றாடம் என்பது ஜல்லி லாரி. இந்தப் பக்கம் கிரஷர் தூசி, ஆற்றைக் கடந்தால் செங்கல்பட்டு சாலை, வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் சரக்கு ரயிலில் ஏறக் காத்திருக்கும் புதுக் கார்கள், கொஞ்ச தூரத்தில் ஒரகடம். இந்தியாவின் டெட்ராய்ட் என்று பத்திரிகைகள் சொல்லும் இடத்தின் கொல்லைப்புறம் நாங்கள். கொல்லைப்புறத்தில் ஓடுவதெல்லாம் பதினைந்து வருஷப் பழைய வண்டிகள்.

மாமாவின் பிக்கப்பும் அப்படித்தான். மூன்றாம் கைக்கு வந்த வண்டி. சுற்றுவட்டாரத்துக் கத்திரிக்காய், வெண்டைக்காய், கீரைக்கட்டுகளை விடியற்காலையில் காஞ்சிபுரத்துக்கும், வாரத்தில் இரண்டு நாள் கோயம்பேட்டுக்கும் ஏற்றிப்போகும். வண்டி ஓட்டுவது பக்கத்துத் தெருவைச் சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பையன். ஐ.டி.ஐ. படிப்பைப் பாதியில் விட்டவன். மாமாவை ‘ஓனர்’ என்பான். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதால் நான் அந்த வருஷம் பெரும்பாலும் மாமா வீட்டு மாடி அறையில்தான் இருந்தேன். காலை நாலு மணிக்கு அந்த வண்டி கிளம்பும் சத்தம் எனக்கு அலாரம்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் அலாரம் அடிக்கவில்லை. அதற்கு முன் இரண்டு மூன்று நாளாகவே வண்டி திணறிக்கொண்டிருந்தது. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தது, லோடு ஏற்றினால் இழுக்கவில்லை, வெள்ளைப் புகை வந்தது. அன்று சுத்தமாக உயிர் இல்லை. ஏற்றிய கீரை ஏற்றியபடி வாடிக்கொண்டிருந்தது.

மாமா வண்டியைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தார்.

“மூவாயிரம் ரூபா குடுத்தேன் டீசல் போட. பங்க்ல போட்டேங்கிறான். பில்லு எங்கடான்னா தொலஞ்சிடுச்சாம். ரோட்டோரம் கேன்ல விக்கிறானுங்களே, அத வாங்கி ஊத்திட்டு மீதிய பாக்கெட்ல போட்டுக்கினான். அதான் பம்ப்பு போயிட்ச்சி.”

“நா பங்க்லதான் போட்டேன் ஓனர்,” என்றான் பையன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, “பங்க்லதாண்ணா,” என்று மட்டும் இன்னொரு முறை சொன்னான்.

மாமாவின் சந்தேகம் ஆகாயத்திலிருந்து வரவில்லை. அந்த அக்டோபரில் சென்னையில் டீசல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியிருந்தது. தீபாவளி அன்று, நவம்பர் 4-ஆம் தேதி, கலால் வரி பத்து ரூபாய் குறைக்கப்பட்ட பிறகும் தொண்ணூறுக்கு மேல். நெடுஞ்சாலையோரம் கேனில் டீசல் விற்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் அதில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதும் டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மண்ணெண்ணெய்தான் பழைய சந்தேகநபர். டீசலோடு கலந்தால் கண்ணுக்குத் தெரியாது, வண்டியும் ஓடும். ஆனால் மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு குறைவு. பம்பின் உள்பாகங்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்துபோகும்.

இந்தக் கலப்படத்தில் எவ்வளவு பணம் புரள்கிறது என்பதற்கு நம் நாட்டில் ஓர் உயிரே சாட்சி. சண்முகம் மஞ்சுநாத், கோலார் தங்கவயல்காரர். எஞ்சினியரிங் முடித்து லக்னோ ஐ.ஐ.எம்-மில் படித்துவிட்டு இந்தியன் ஆயில் கார்ப்பரேஷனில் அதிகாரியாகச் சேர்ந்தார். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்பட எரிபொருள் விற்ற ஒரு பங்க்கை மூடி சீல் வைக்க நடவடிக்கை எடுத்தார். 2005 நவம்பர் 19 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 27. எங்கள் கல்லூரியில் ஒரு பேராசிரியர் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு அவரைப் பற்றிப் பேசியது ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு கனமான ஒரு குற்றத்தைத்தான் மாமா, ஒரு பில் தொலைந்துபோன காரணத்துக்காக, பையன் தலையில் இறக்கிவைத்திருந்தார். ஊர் சின்னது. ‘டீசல் திருடன்’ என்று ஒருமுறை பெயர் விழுந்தால் அவனுக்கு வேறு யாரும் சாவி தரமாட்டார்கள்.

வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து வாலாஜாபாத்துக்குக் கொண்டுபோனோம். செங்கல்பட்டு சாலையோரத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக் அண்ணன், மாமாவின் குற்றப்பத்திரிகையைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “பம்ப்பு போச்சின்னு நீங்க எப்டிண்ணா முடிவு பண்ணீங்க?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு அவர் செய்ததை நான் என் வேலையில் நல்ல சீனியர்கள் செய்து பார்த்திருக்கிறேன். பெரிய சாமானில் கை வைக்காமல் சின்னதிலிருந்து ஆரம்பித்தார். டேங்கில் டீசல் இருக்கிறதா, இருக்கிறது. நிறுத்துவதற்கான சோலனாய்டுக்குக் கரண்ட் வருகிறதா? சாவியைத் திருப்பியதும் ‘டிக்’ சத்தம் கேட்டது, வருகிறது. ஃபில்டர் மேல் இருக்கும் கைப் பம்பை அமுக்கினார், டீசல் பம்பு வரைக்கும் வருகிறது. கடைசியாக, இன்ஜெக்டருக்குப் போகும் நான்கு இரும்புக் குழாய்களின் நட்டைத் தளர்த்திவிட்டுப் பையனை செல்ஃப் அடிக்கச் சொன்னார். நான்கு வாயிலும் ஈரம்கூட இல்லை. உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. நடுவில் இருப்பது பம்ப் ஒன்றுதான்.

“இப்ப சொல்லலாம், பம்ப்புதான்னு.”

மாமா ஏதோ ஜெயித்துவிட்டவர்போலத் தலையாட்டினார். அண்ணன் அதற்குள் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கழற்றி, ஒரு காலி தண்ணீர் பாட்டிலில் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஓரமாக வைத்தார். எஞ்சினைத் திருப்பி டைமிங் மார்க்கை நேராக்கி, பம்பு உட்கார்ந்திருந்த இடத்தில் உளியால் மெல்லிசாக ஒரு கோடு கிழித்துக்கொண்டு, பம்பைக் கழற்றி ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கட்டினார். “இத நா பிரிக்க மாட்டேன். பிரிக்கிற எடம் வேற.”

பிரிக்கிற இடம் காஞ்சிபுரத்தில் இருந்தது. டீசல் பம்ப் கடைகளை வெளியிலிருந்து பார்த்தால் மெக்கானிக் ஷெட் மாதிரி இருக்கும், உள்ளறை மட்டும் லேப் மாதிரி. கண்ணாடிக் கதவு, துடைத்த தரை, மேஜைமேல் தட்டுத் தட்டாகச் சுத்தமான எண்ணெய். பனியன் வேஸ்ட் துணி உள்ளே வரவே கூடாது. ஒரு நூலிழை போதும், பம்ப் போய்விடும். காரணம், உள்ளே சுழலும் ரோட்டருக்கும் அது உட்கார்ந்திருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடி ஒன்று ஏறத்தாழ எழுபது மைக்ரான் தடிமன். அந்த இடைவெளியில் ரப்பர் சீல் எதுவும் போட முடியாது, அவ்வளவு அழுத்தம். உலோகம் உலோகத்தோடு கச்சிதமாகப் பொருந்துவதே சீல். நடுவில் இருக்கும் டீசல் படலமே மசகு. இந்த வகைப் பம்புக்குத் தனியாக ஆயில் ஊற்றும் வேலை இல்லை. அது எதைத் தள்ளுகிறதோ அதிலேயே குளித்துக்கொண்டு வாழ்கிறது.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பிரித்தார். ரோட்டர் வெளியே வர மறுத்தது. ஒரு சின்னத் தட்டு தட்டி உருவி எடுத்து, வெள்ளைத் தட்டில் வைத்தார். கண்ணாடிபோல மின்ன வேண்டிய எஃகில் ஒரு பக்கம் முழுக்கக் காப்பிப்பொடிபோலத் துரு. நகத்தால் கீறிப் பார்த்தார், பள்ளம் விழுந்திருந்தது.

அவருக்குப் பையனைத் தெரியாது, தொலைந்த பில்லைத் தெரியாது, மாமாவின் கோபமும் தெரியாது. தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: “வண்டிய ஒரு வாரம் பத்து நாள் எங்கயாவது நிறுத்திப் போட்டிருந்தீங்களா?”

மாமா பேசவில்லை. நான்தான் சொன்னேன். அந்த நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து பாலத்தில் போக்குவரத்து நின்றபோது வண்டி பத்து நாளுக்கு மேல் வீட்டு வாசலில்தான் நின்றது.

“அப்பவே உள்ள தண்ணி இருந்திருக்கு. ஓடிக்கினே இருந்தா இவ்ளோ துரு புடிக்காது. நின்ன எடத்துல புடிச்ச துரு இது. அப்பறம் ஓட்டினதும் பேத்துக்கினு இழுத்துட்ச்சி.”

“மண்ணெண்ணெய் கலந்தா இப்டி ஆவாதா?” மாமாவின் குரல் ஏற்கெனவே இறங்கியிருந்தது.

“மண்ணெண்ணெய்ல துரு எப்டி சார் வரும்? அது தேய்க்கும். இது பாருங்க, தேயல, அரிச்சிருக்கு.”

சர்வர் விழுந்தால் நாங்கள் லாக் ஃபைலைத் திறந்து எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று படிப்போம். அந்த மனிதர் துருவைப் படித்தார். தேதிகூடக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. பையன் பங்க்கில் டீசல் போட்டது வண்டி படுப்பதற்கு மூன்று நாள் முன்பு. துருவின் வயது அதைவிட அதிகம்.

அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பாலம் மூடிய நாட்களில் வண்டியில் இருந்த டீசல் வீட்டு டிரம்மிலிருந்து வந்தது. நவரைப் பட்டத்துக்கு ஓட்டு ஓட்ட வேண்டுமே, விலையும் ஏறிக்கொண்டே போகிறதே என்று செப்டம்பரிலேயே மாமா டிராக்டருக்காக ஒரு 200 லிட்டர் டிரம் டீசல் வாங்கி வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தார். மழை பிடித்துக்கொண்டதும் டிராக்டருக்கு வேலை இல்லை. அதிலிருந்து நாற்பது லிட்டரைக் கைப் பம்பால் எடுத்துப் பிக்கப்பில் ஊற்றியவர் மாமாவேதான்.

அன்று சாயங்காலம் நான் அந்த டிரம்மைப் போய்ப் பார்த்தேன். நிமிர்ந்து நின்றது. மேல்தட்டைச் சுற்றி விளிம்பு உண்டல்லவா, அதற்குள் மழைத்தண்ணீர் குளம் கட்டி, வேப்பிலைகள் மிதந்தன. மூடி தண்ணீருக்கு அடியில். இறுக்கமாகத்தான் மூடியிருந்தது.

“டைட்டாதானடா மூடினேன்,” என்றார் பின்னாலேயே வந்த மாமா.

டைட்டாக மூடினாலும் டிரம் மூச்சுவிடும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடியின் மரை வழியாகக் கொஞ்சம் வெளியேறும். ராத்திரி மழையில் குளிர்ந்ததும் உள்ளே இருப்பது சுருங்கும், வெளியே இருப்பதை இழுக்கும். மூடிக்கு மேல் தண்ணீர் நின்றால் தண்ணீரை இழுக்கும். ஒரு நாளைக்குச் சில சொட்டு, ஆனால் ஐப்பசி மழை முழுக்க. எண்ணெய் டிரம்மை வெட்டவெளியில் நிறுத்தி வைக்காமல் படுக்கவைக்கச் சொல்வது இதனால்தான். இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் வரும்படி படுக்க வைத்தால் மூடிக்கு உள்பக்கம் எண்ணெய் நிற்கும், வெளியே தண்ணீர் தங்காது.

இதைச் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப டிரம்மு தண்ணி குடிச்சிருக்குதுன்றியா மாப்ள?”

டியூபை அடிவரைக்கும் விட்டு உறிஞ்சி ஒரு பாட்டிலில் பிடித்தோம். கீழே நாலு விரல் உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர், மேலே டீசல். இரண்டுக்கும் நடுவில் மூக்குச்சளி மாதிரி கறுப்பாக ஒரு படலம். டீசலும் தண்ணீரும் சேரும் அந்த எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். டீசல் அவற்றுக்குச் சாப்பாடு, தண்ணீர் அவற்றுக்கு வீடு. மெக்கானிக் அண்ணன் ஃபில்டருக்கு அடியில் பிடித்து ஓரமாக வைத்த பாட்டிலிலும் இதே சளி. அவர் அப்போதே பார்த்துவிட்டார். கடைக்காரர் வாயால் வரட்டும் என்று இருந்தாரோ என்னவோ.

பம்பின் கதைக்கு வருகிறேன். புதுசு 38,000 ரூபாய் என்றார்கள். ஹெட், ரோட்டர், சீல்கள் மாற்றி, காலிப்ரேஷன் செய்து தர 16,500. மாமா ரீகண்டிஷனுக்குச் சரி என்றார். இரண்டாம் நாள் நான் போனபோது பம்ப் டெஸ்ட் பெஞ்சில் ஏறியிருந்தது. மோட்டார் பம்பைச் சுழற்ற, எஞ்சினுக்குப் பதிலாக வரிசையாக அளவுக் கண்ணாடிக் குழாய்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைத் தூவலுக்குப் பிறகு ஒவ்வொரு குழாயிலும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான்கும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அவர் திருகை ஒரு மயிரிழை திருப்புவார், ஓட்டுவார், குனிந்து குழாய்களைக் கண் மட்டத்தில் பார்ப்பார், மறுபடி திருப்புவார். கடைசியில் நான்கும் நேராக வந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எனக்குத்தான் கைதட்டத் தோன்றியது.

இந்த வேலைக்கு ஆயுள் குறைவு என்று அவரே சொன்னார். இப்போது வரும் டீசல் வண்டிகள் எல்லாம் காமன் ரெயில். பம்ப் அழுத்தத்தை மட்டும் தரும். எப்போது, எவ்வளவு தூவுவது என்பதை ஈசியூ பார்த்துக்கொள்ளும், அதாவது என்னைப்போல் யாரோ எழுதிய நிரல். பழைய ரோட்டரி பம்ப் சில நூறு பார் அழுத்தத்தில் வேலை செய்தது என்றால் காமன் ரெயில் 1600, 2000 பார் என்று போகும். சத்தம் குறைவு, புகை குறைவு, மைலேஜ் கூட. பழையதே தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் புகையை விடியற்காலையில் மாடி அறையில் முகர்ந்தவன் நான். ஆனால் அதற்கான டெஸ்ட் பெஞ்ச் விலைக்கு “ரெண்டு வீடு கட்டலாம் தம்பி” என்றார் கடைக்காரர். அவர் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

எரிபொருளும் மாறியிருக்கிறது. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்-4 வந்தபோது டீசலில் கந்தகம் 50 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும் என்றானது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் 10. காற்றுக்கு நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் சுத்திகரிப்பில் கந்தகத்தை நீக்கும்போது டீசலுக்கு வழவழப்புத் தரும் வேறு சில சேர்மங்களும் கூடவே போய்விடும். அதனால் வழவழப்புக்கென்றே தனியாகச் சேர்மானம் கலக்கிறார்கள். இதை அளக்க ஒரு சோதனை உண்டு. எஃகுக் குண்டு ஒன்றை அந்த எரிபொருளுக்குள் வைத்துத் தேய்த்து, விழும் தழும்பின் அகலத்தைப் பார்ப்பார்கள். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அது 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் 520 வரை அனுமதி. அங்கே 2011 முதல் பெரிய டீசல் பிக்கப்களில் வந்த சிபி4 என்ற உயர் அழுத்தப் பம்ப் உடைந்து, இரும்புத்தூள் ரெயில், இன்ஜெக்டர் என்று எல்லா இடத்திலும் பரவி, மொத்த அமைப்பையே மாற்ற வேண்டிய நிலைக்கு வண்டிக்காரர்கள் ஆளானார்கள். அமெரிக்க டீசலுக்கு இந்தப் பம்ப் ஒத்துவராது என்பதே அவர்கள் வாதம், வழக்கு நீதிமன்றம் வரை போனது. டெக்சாஸ்காரர் கோர்ட்டுக்குப் போகிறார், எங்கள் ஊர்க்காரர் டிரைவரிடம் பில் கேட்கிறார். இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான், பம்புக்குள் போனது என்ன?

பம்பை மட்டும் மாட்டிவிட மெக்கானிக் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அதே தண்ணீர் ஒரு மாதத்தில் புதுப் பம்பையும் தின்றுவிடும் என்றார். டேங்கை இறக்கிக் கழுவினார். குழாய்களை ஊதினார். ஃபில்டர் புதுசு. நாசில்கள் நான்கையும் கழற்றிக் கையால் அடிக்கும் டெஸ்டரில் மாட்டி, தூவல் விசிறிபோல வருகிறதா, சொட்டுகிறதா என்று பார்த்தார். ஒன்று சொட்டியது, மாற்றினார். இதற்கு ஒரு முழு நாள் போனது. பையன் கூடவே நின்று கிரீஸ் கையோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவனாக வந்திருந்தான்.

பம்பைக் கிழித்த கோட்டில் நேராக உட்காரவைத்து முடுக்கிய பிறகு மிஞ்சியது ஏர் எடுப்பது. எங்கள் வீட்டில் ஏர் என்றால் கலப்பைதான். அதைக் கேட்டுத் தாத்தா இருந்திருந்தால் சிரித்திருப்பார். டீசல் நசுங்காது, காற்று நசுங்கும். குழாய்க்குள் ஒரு சின்னக் காற்றுக்குமிழி இருந்தால் போதும். பம்ப் என்னதான் தள்ளினாலும் அந்தக் குமிழி ஸ்பிரிங் மாதிரி சுருங்கி விரிந்துகொண்டிருக்கும், அழுத்தம் நாசிலுக்குப் போய்ச் சேராது. அண்ணன் முதலில் ஃபில்டர் திருகைத் தளர்த்திக் கைப் பம்பை அடித்தார். நுரை நுரையாக வந்தது, பிறகு குமிழி குறைந்து, தெளிந்த டீசல். திருகை இறுக்கினார். பிறகு நாசில் பக்கத்து நட்டுகள் நான்கையும் அரைச் சுற்று தளர்த்திவிட்டு, “தம்பி, அடி,” என்றார்.

பையன் செல்ஃப் அடித்தான். ஒன்றும் இல்லை. மறுபடி. முதல் நட்டிலிருந்து ‘ப்ஸ்’ என்று நுரை துப்பியது, பிறகு டீசல். அண்ணன் அதை இறுக்கினார். மூன்றாவது, நான்காவது. இரண்டாவதை இறுக்குவதற்குள் எஞ்சின் ‘டமடம’ என்று ஒற்றைக் காலில் நொண்டுவதுபோலப் பிடித்தது. அதையும் இறுக்கியதும் நொண்டல் நின்று சீராக ஓடியது. பையன் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுக்காமல் ஜன்னல் வழியாக மாமாவைப் பார்த்தான். மாமா சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்து ஆண்கள் வயதில் சின்னவரிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் அவரே பையன் வீட்டுக்குப் போய், காலையில் சீக்கிரம் வரச் சொல்லிவிட்டு வந்தார். அது போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். பையனுக்குப் போதவில்லை. பொங்கல் வரைக்கும் ஓட்டினான். ஒவ்வொரு முறை டீசல் போட்டதும் பில்லை டேஷ்போர்டு மேல் செங்கல் துண்டு வைத்து மாமா கண்ணில் படும்படி வைத்துவிட்டு இறங்குவான். மாமா ஒரு நாளும் அதை எடுத்துப் பார்த்ததில்லை, தூக்கிப் போட்டதும் இல்லை. தை பிறந்ததும் ஒரகடத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் பிக்கப் ஓட்டப் போய்விட்டான். இப்போது மாமாவே ஓட்டுகிறார், கோயம்பேடு டிரிப்பை விட்டுவிட்டார்.

டிரம்மை அந்த வாரமே படுக்கவைத்து இரண்டு பக்கமும் செங்கல் அண்டை கொடுத்தோம். உள்ளே மிச்சமிருந்ததை மெக்கானிக் அண்ணன் ஸ்பேர் கழுவுவதற்கு எடுத்துக்கொண்டார், கூலியில் கொஞ்சம் கழித்துக்கொண்டார். பையன் ஓட்டுவது காமன் ரெயில் வண்டி. ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை வடிகால் திருகைத் திறந்து தண்ணீர் பாட்டிலில் பிடித்துப் பார்க்கிறானாம். கான்ட்ராக்டர் கேட்டாரா என்றேன்.

“அவரு கேக்கலண்ணா. நாந்தான் போட்டோ எடுத்து வெச்சிக்கிறேன்.”